மலை ஆஸ்பத்திரிக்கு எந்தப் பயிற்சி? வெளியூர் வகுப்பா, வார்டு ஒத்திகையா, வீட்டாருக்குச் சொல்லித் தருவதா

இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கூடலூர் பக்கம் 20 படுக்கை ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர். இன்னொருவர் கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் தனியாளாக நிற்கும் மூத்த சிஸ்டர். மூன்றாமவர் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு அறக்கட்டளையின் பொறுப்பாளர். "சிகிச்சையாலேயே நோயாளிக்குத் தீங்கு வராமல் இருக்கப் பயிற்சி கொடுக்கணும். இருக்கிற காசுக்கும் ஆளுக்கும் ஏதாவது ஒன்றுதான் முடியும். எதைச் செய்யலாம், சிஸ்டர்?" என்பதுதான் கேள்வி.

போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீலகிரியில் 22 வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி 9 வருடம் புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது.

தீங்கு என்றதும் வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்த கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது அபூர்வம். மாத்திரை மாறிப்போவது, படுத்த படுக்கையில் புண் வருவது, ட்ரிப்ஸ் போட்ட கை வீங்கிச் சீழ் பிடிப்பது, ராத்திரி பாத்ரூம் போகையில் வழுக்கி விழுவது, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரை நாலு மணி நேரம் தாமதமாக அனுப்புவது எல்லாமே தீங்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெறுபவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒன்று நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: உங்கள் இடத்தில் தீங்கு எங்கே நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். சம்பவப் பதிவேடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே உட்காருங்கள். டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், தரை துடைக்கும் அக்கா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும். "போன வருடம் நடந்ததில் மனதை உறுத்துவது எது?" என்று கேளுங்கள். வருவதையெல்லாம் ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: வார்டில், வழியில், வீட்டில். யார் தவறு என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் தாள் காலியாகத்தான் இருக்கும்.

சமவெளியில் பெரும்பாலும் வார்டுப் பத்திதான் நிரம்பும். மலையில் மற்ற இரண்டும் சேர்ந்து நிரம்புகின்றன. ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 86 கிலோமீட்டர். அதில் பாதி கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டமும். மன்னவனூர், கிளாவரை மாதிரி மேல்மலைக் கிராமத்தார் கொடைக்கானல் வந்து திரும்பவே ஒரு பகல் போகும். வீட்டுக்குப் போன நோயாளி மறுநாள் சந்தேகம் கேட்கத் திரும்பி வருவார் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, கற்றது ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்குமா? பகலில் வகுப்பில் சரியாகச் சொன்னவர், தனியாக 15 படுக்கையைப் பார்க்கும் நேரத்திலும் அதைச் செய்தால்தான் அது பயிற்சி.

மூன்றாவது, ஆள் போனால் பயிற்சியும் கூடவே போய்விடுமா? மலையில் இளம் நர்ஸ்கள் இரண்டு வருடம் தங்கினாலே பெரிய விஷயம். கோவையோ வளைகுடாவோ கூப்பிட்டால் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான்காவது, டியூட்டி பட்டியல் தாங்குமா? ஐந்தாவது, யார் மொழியில் நடக்கும்? படகர் மொழி பேசும் பாட்டி, பணியர் பழங்குடி வீட்டுப் பெண், மலையாளம் மட்டும் தெரிந்தவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெரியவர் என நால்வரும் அடுத்தடுத்த படுக்கையில் இருக்கும் வார்டுகள் நம்முடையவை. கடைசியாக, பலன் வந்ததா என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியுமா? "எல்லோருக்கும் வகுப்பு நடந்தது" என்பதைப் பலனாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## வழி 1: ஆட்களை வெளியூர் வகுப்புக்கு அனுப்புவது

கோவை, வேலூர், மதுரை என்று இரண்டு மூன்று நாள் பயிற்சிகள் நடக்கின்றன. பாடத்தில் குறை இருக்காது. நோயாளி பாதுகாப்புக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியிலேயே 11 தலைப்புகள் இருக்கின்றன: மருந்துப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, குழுவாக வேலை செய்வது, தவறிலிருந்து கற்பது, நோயாளியோடும் பராமரிப்பவரோடும் பேசுவது இப்படி. போய் வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். வேறு ஆஸ்பத்திரிகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

கட்டணம், பஸ், தங்குமிடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாத செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 நர்ஸ், மூன்று ஷிப்ட். இரண்டு பேரை மூன்று நாள் அனுப்பினால் 6 டியூட்டி காலி. யாராவது இரட்டை டியூட்டி பார்த்தாக வேண்டும். தூக்கமில்லாத நர்ஸ்தான் மருந்தை மாற்றிப் போடுகிறாள். தீங்கைத் தடுக்கப் படிக்கப் போன மூன்று நாளில் தீங்கு நடக்க நாமே வழி செய்துவிடுகிறோம்.

இன்னொன்று மனசுக்குக் கஷ்டமானது. போய் வந்தவர் தனியாள். "ஆபத்தான ஊசியை இரண்டு பேர் பார்த்துத்தான் போடணும்" என்று அவர் சொன்னால், போகாத மற்றவர்கள் "ரெண்டாவது ஆளுக்கு எங்கே போறது?" என்பார்கள். மூன்று வாரத்தில் அவரும் பழையபடி ஆகிவிடுவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இது சரியான தேர்வாகும் நேரம் உண்டு. உங்கள் இடத்தில் யாருக்குமே தெரியாத கைவேலை என்றால் வெளியே அனுப்பத்தான் வேண்டும். மூச்சு விடாமல் பிறந்த குழந்தையை மீட்பது அப்படி ஒன்று. அதைப் பொம்மையில் நூறு முறை செய்து பழகினவரிடம்தான் கற்க முடியும். அப்படி அனுப்பும்போது ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்வார், திரும்பி வந்து தனியாக நிற்கவும் வேண்டாம்.

## வழி 2: வார்டிலேயே சின்னச் சின்ன ஒத்திகை

வாரம் ஒரு நாள், ஷிப்ட் மாறும் நேரத்தில் 15 நிமிடம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் அப்போதுதான் ஒன்றாக இருப்பார்கள். ஒரு தலையணையை நோயாளியாக வைத்து, "பிரசவம் ஆகி அரை மணி ஆச்சு, துணி நனைஞ்சுகிட்டே இருக்கு, என்ன செய்வீங்க?" என்று தொடங்கிவிட வேண்டியதுதான்.

முதல் ஒத்திகை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மூச்சுத் திணறல் கேஸ் என்று வைத்துக்கொண்டோம். புது நர்ஸ் ஓடிப் போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். திறக்க வேண்டிய சாவி சிலிண்டரில் இல்லை. ஸ்டோர் ரூம் ஆணியில் தொங்குகிறது என்றார் ஒருவர். ஸ்டோர் ரூம் சாவி, வீட்டுக்குப் போய்விட்ட மருந்தாளுநரிடம். தலையணைக்கு மூச்சு திணறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று சாயங்காலமே சிலிண்டர் கழுத்தில் சங்கிலி போட்டு சாவியைக் கட்டினோம். எந்த வெளியூர் வகுப்பிலும் இது தெரிய வந்திருக்காது.

இந்த வழிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு பற்றி கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. போகும் ரத்தத்தைக் கண் மதிப்பில் விடாமல் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து அளந்தார்கள். அளவு தாண்டியதும் செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்யப் பழகினார்கள். பயிற்சி அவரவர் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. 2023இல் முடிவு வந்தது: கடும் ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்திருந்தன. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்தே படிகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்வழி வரும் தொற்றை 18 மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைத்தார்கள். அந்தப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரு படியை டாக்டர் விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் பாதுகாப்பான பிரசவத்துக்குச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலை வைத்து நடந்த ஆய்வு, 2017இல் வெளியானது, நேர்மையான பதில் சொல்கிறது. கூடவே நின்று சொல்லிக் கொடுப்பவர் வந்துகொண்டிருந்த இரண்டாவது மாதத்தில் முக்கியமான செயல்களில் 100க்கு 73 நடந்தன. அந்தத் திட்டம் இல்லாத இடங்களில் 42. எட்டு மாதத்தோடு அவர் வருவது நின்றது. பன்னிரண்டாவது மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கியது. தாய், சேய் இறப்பில் கணக்கில் கொள்ளத்தக்க மாற்றம் வரவும் இல்லை. ஒத்திகை நடத்தும் ஆள் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். அவர் லீவு போட்டால் நடத்த இன்னொருவரும் வேண்டும். மருந்தும் ரத்தமும் கீழே அனுப்ப வண்டியும் தயாராக இல்லையென்றால் நல்ல பழக்கம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது.

இன்னொரு செலவு, அவமானம். தவறு செய்தவரை எல்லோர் முன்னாலும் கடிந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். எங்கள் ஒத்திகையில் ஒரு விதி வைத்திருந்தோம்: முடிந்ததும் "எந்தப் பொருள் கையில் கிடைக்கவில்லை?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும், "யார் மறந்தது?" என்று கேட்கக் கூடாது. டாக்டரும் நிற்க வேண்டும். டாக்டர் இல்லாத ஒத்திகையில் நர்ஸ்கள் பழகுவது "டாக்டருக்காகக் காத்திருப்பது" மட்டும்தான்.

வார்டுப் பத்தி நிரம்பியிருக்கிறவர்களுக்கு, அதிலும் பிரசவம் பார்க்கிற இடங்களுக்கு, இதுதான் முதல் தேர்வு.

## வழி 3: நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லித் தருவது

மலைக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

எங்கள் வார்டிலிருந்து ஒரு பெரியவர் இன்சுலினோடு வீட்டுக்குப் போனார். லைன் வீடு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு. ஊசி போடுவது மருமகள், கொழுந்து பறிப்பவர். டிஸ்சார்ஜ் அன்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சிரிஞ்சைக் காட்டி, "இந்த 20 கோடு வரைக்கும் இழுக்கணும், சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும், புரிஞ்சுதா?" என்றேன். தலையாட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து கோவையில் வேறு டாக்டர் வேறு இன்சுலின் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு விதம். வழக்கமாக வருவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். சில இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி. புதுப் பாட்டில் 100. வீட்டில் மிச்சமிருந்ததோ சிவப்பு மூடி சிரிஞ்ச். அதே 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு.

விடியற்காலை ஐந்து மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து உளறிக்கொண்டிருந்தவருக்கு, விழுங்கும் நிலை இருந்ததால் மருமகள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஜீப்பில் கொண்டுவந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் மஞ்சள் பையிலிருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்து என் மேஜைமேல் வைத்து, "நீங்க சொன்ன கோடு வரைக்கும்தானே சிஸ்டர் இழுத்தேன்" என்றார். உண்மை. நான் கோட்டைத்தான் சொல்லியிருந்தேன். பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள், மரியாதைக்கு. இப்போது சொல்வது, "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், நாளைக்குக் காலையில வீட்டுல என்ன பண்ணுவீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க." சிரிஞ்சில் தண்ணீர் இழுக்கச் சொல்வேன். "கடையில வேற பாட்டில் கொடுத்தா?" என்று கேட்பேன். பதில் தப்பாக வந்தால் சொன்ன விதத்தில்தான் குறை. மறுபடி சொல்வேன்.

இந்த மலைகளில் இப்படிச் சொல்லித் தர வேண்டியவை ஏராளம். அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள்; சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்யப்பட்டது. குளிர், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காய்ச்சல், இதெல்லாம் வலி நெருக்கடியைக் கிளப்பும். அது தெரிந்த அம்மா குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு பள்ளிக்கு அனுப்புவார். "எனக்கு அரிவாள் செல்" என்று அட்டையை நீட்டத் தெரிந்த இளைஞன், அந்நோயைப் பார்த்தே இராத ஊரில் சாதாரண உடம்புவலி என்று திருப்பி அனுப்பப்பட மாட்டான். நாய்க்கடியும் அப்படித்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர் போன பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரிலேயே இருக்கிறது. ஆனாலும் கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவது வீட்டில் நடக்க வேண்டிய வைத்தியம். தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் வர வேண்டும். தினக்கூலிக்காரர் கைவிடுவது எப்போதும் அந்த 28ஆம் நாள் ஊசியைத்தான்.

மக்களில் ஒருவரையே பயிற்றுவிப்பதற்கு இங்கே நல்ல முன்னோடிகள் உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு, பழங்குடிக் குடும்பத்துப் பெண்களையே நர்ஸ்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. நோயாளிக்குத் தன் மொழியில் கேள்வி கேட்க ஆள் கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் தொழிலாளர் நலத் திட்டம், லைன் வீட்டுப் பெண்களையே இணைப்புப் பணியாளர்களாக வைத்து அக்கம்பக்கத்துக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளச் செய்தது. பயிற்சி பெற்றவர் ஊரை விட்டுப் போக மாட்டார் என்பது இந்த வழியின் பெரிய பலம். நர்ஸ் போவாள், மருமகள் இருப்பாள்.

சரி, மறைந்திருக்கும் செலவு. ஒரு டிஸ்சார்ஜுக்குக் குறைந்தது 15 நிமிடம் கூடுதலாகப் போகும். அந்த நேரத்தை நிர்வாகம் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் "புரிஞ்சுதா"வுக்குத் திரும்பிவிடும். அதைவிட ஆபத்தானது, பழியை நோயாளி தலையில் கட்டுவது. "நாங்க சொல்லித்தான் அனுப்பினோம், அவங்கதான் கேட்கலை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ள இந்தப் பயிற்சி ஒரு சாக்காகிவிடக் கூடாது.

இப்போது அந்த நிபந்தனை. நோயாளியைக் கேள்வி கேட்கப் பழக்குகிறோம். கேட்டால் என்ன நடக்கிறது? ஒருமுறை ஓர் அம்மா, "இது என்ன ஊசிம்மா?" என்று கேட்டார். சின்ன நர்ஸ், பாவம், பத்து வேலைக்கு நடுவில் இருந்தாள், "டாக்டர் எழுதியிருக்கார், போட்டுக்கோங்க" என்றாள். அந்த வார்டில் அன்று முழுக்க வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு நாள் ஒரு படகப் பாட்டி, கையில் கொடுத்த மாத்திரையைத் திருப்பி நீட்டி, இது என்னுடையது இல்லை என்று சைகை காட்டினார். அந்த நர்ஸ் நின்றாள், அட்டையைப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் பிரஷர் மாத்திரை. "நல்லவேளை சொன்னீங்க பாட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டே பார்த்தது. அடுத்த ஒரு வாரம் எல்லோரும் மாத்திரையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போட்டார்கள்.

கேட்கப் பழக்கும் முன், கேட்டால் நின்று பதில் சொல்ல நர்ஸையும் டாக்டரையும் பழக்க வேண்டும். அது இல்லாமல் நோயாளிக்கு மட்டும் வகுப்பெடுத்தால் அவர் ஒரே ஒருமுறை கேட்டு, திட்டு வாங்கி, பிறகு வாழ்நாளில் கேட்க மாட்டார். வகுப்பே எடுக்காமல் இருந்ததைவிட அது மோசம். இங்கிலாந்தில் 2024 முதல், நோயாளி மோசமாகிறார் என்று குடும்பத்தார் கவலைப்பட்டால் வேறு மருத்துவக் குழுவைத் தாங்களே அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமை ஆஸ்பத்திரிகளில் கொண்டுவரப்படுகிறது. 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ் இறந்ததும், பெற்றோர் சொன்னதை யாரும் காதில் வாங்காததும்தான் காரணம். நம் சின்ன ஆஸ்பத்திரியில் வேறு குழு ஏது? ஆனால் பொறுப்பு டாக்டரின் எண்ணைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி, "பயமா இருந்தா எந்த நேரமும் கூப்பிடுங்க" என்று சொல்ல முடியும். கூப்பிட்டவரைக் கோபிக்காமல் இருக்கவும் முடியும்.

## வழி 4: கைபேசியில் வகுப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். செலவு குறைவு, டியூட்டி பாதிக்காது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அடிப்படை தெரிய உதவும். ஆனால் பாதிப் பேர் வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். மழைக்காலத்தில் சிக்னலும் கரண்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மற்ற மூன்றில் ஒன்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தனியாக இதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டாருக்கு அனுப்பும் இரண்டு நிமிட வீடியோ மட்டும் விதிவிலக்கு. உங்கள் நர்ஸே, அவர்கள் மொழியில், அவர்கள் பார்த்த அதே சிரிஞ்சை வைத்துச் செய்து காட்டினால் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெளியூர் வகுப்பு | வார்டு ஒத்திகை | வீட்டாருக்குப் பயிற்சி | கைபேசி வகுப்பு |
|---|---|---|---|---|
| எந்தத் தீங்கைத் தடுக்கும் | தெரியாத கைவேலையால் வருவது | வார்டிலும் கீழே அனுப்பும்போதும் நடப்பது | வீட்டில் நடப்பது. வார்டில் மருந்து மாறுவதும் | அடிப்படை தெரியாததால் வருவது |
| ராத்திரியில் நிற்குமா | தனியாளாக இருந்தால் நிற்காது | வாராவாரம் நடந்தால் நிற்கும் | செய்து காட்டச் சொல்லியிருந்தால் நிற்கும் | கஷ்டம் |
| ஆள் போனால் | கூடவே போகும் | நடத்துபவர் இருந்தால் தங்கும் | ஊரிலேயே தங்கும் | புது ஆளுக்கு மறுபடி காட்டலாம் |
| மறைந்த செலவு | காலி டியூட்டி, களைப்பு | நிரந்தரப் பொறுப்பாளர், டாக்டரின் நேரம் | டிஸ்சார்ஜுக்கு 15 நிமிடம், பழி மாறும் ஆபத்து | கவனமின்மை |
| மொழி | தமிழோ ஆங்கிலமோ | நீங்கள் பேசுவது | அவர்கள் பேசுவதாக இருக்க வேண்டும் | கிடைத்தது |
| பலன் பார்க்க | வந்தவர் எத்தனை பேருக்குக் கற்றுத்தந்தார் | பொருள் கைக்கு வர எத்தனை நிமிடம் | மூன்றாம் நாள் போனில் கேட்பது | பார்க்க வழியில்லை |

## பயிற்சியே வேண்டாத இடங்கள்

ஜனவரியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். கை கழுவுவது பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் நர்ஸ் ராத்திரியில் கழுவ மாட்டாள். எனக்கே அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டில் காலிலும் ஆல்கஹால் கைத்தேய்ப்புப் பாட்டிலை மாட்டியதும் வகுப்பில்லாமலே பழக்கம் வந்தது. கை அழுக்காகத் தெரிந்தாலோ கழிப்பறை போய் வந்தாலோ சோப்பும் தண்ணீரும் கட்டாயம். அதற்கு ஒரு கெட்டில் வெந்நீர் போதும். அதேபோல, நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக் கூடிய செறிவான பொட்டாசியம் குளோரைடு குப்பியை மற்றக் குப்பிகளோடு ஒரே ட்ரேயில் வைத்துவிட்டு "கவனமா இருங்க" என்று சொல்வது பயிற்சி ஆகாது. வார்டிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள். பணம் கட்டும் முன் மூன்று பத்தித் தாளை இன்னொரு முறை பாருங்கள். அலமாரியை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயங்களுக்கு முதலில் அலமாரியை மாற்றிவிடுங்கள்.

## மூவருக்கும் நான் சொன்னது

கூடலூர் டாக்டரிடம்: உங்கள் தாளில் வார்டுப் பத்திதான் நீளம், பிரசவமும் பார்க்கிறீர்கள். மூன்று மாதம் ஒத்திகை, வாரம் ஒன்று, நீங்களும் நிற்க வேண்டும். நோயாளி கேட்டால் நின்று பதில் சொல்வதையும் அதிலேயே ஓர் ஒத்திகையாக வையுங்கள். ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து "இது எனக்கான மருந்தா?" என்று கேட்கட்டும். நான்காவது மாதம் முதல் டிஸ்சார்ஜில் செய்து காட்டச் சொல்வது. குழந்தையை மீட்கும் பயிற்சிக்கு மட்டும் இரண்டு பேரை வெளியே அனுப்புங்கள், தென்மேற்குப் பருவமழை முடிந்த பிறகு.

எஸ்டேட் சிஸ்டரிடம்: அக்கா, நீங்கள் ஒரே ஆள், உங்களுக்கு ஒத்திகை பார்க்கக் கூட ஆளில்லை. லைனுக்கு ஒரு பெண்ணாகத் தேர்ந்தெடுங்கள். படித்தவர்தான் வேண்டும் என்றில்லை, மற்ற வீடுகளில் சகஜமாக நுழைந்து பேசக் கூடியவர் வேண்டும். முதல் மாதம் சுகர், பிரஷர் மாத்திரை மட்டும். இரண்டாவது மாதம் நாய்க்கடி, பாம்புக்கடி. அதற்கு மேல் திணிக்காதீர்கள். ஒவ்வாமையோ பக்கவிளைவோ தெரிந்தால் உங்களிடம் சொல்லவும், நீங்கள் அதை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800 180 3024இல் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். நோயாளியே நேரடியாகவும் அதில் சொல்லலாம்.

கொடைக்கானல் பொறுப்பாளரிடம்: உங்களுக்கு வார்டே கிடையாது, ஆகவே வீட்டாருக்குத்தான். ஆனால் தனியாக நடத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரையும், 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரையும் அதே அறையில் உட்கார வையுங்கள். கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டியவரும் முகம் பார்த்துப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், ஊரே சந்தைக்குக் கீழே போயிருக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலாவதியானது, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். முதல் வகுப்புக்கு வேறு பாடம் தயாரிக்க வேண்டாம். பாயை விரித்து, அந்தப் பைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து "இது எதுக்கு, எப்போ சாப்பிடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே போங்கள்.